பில்லில் உடையும் ‘கெ’, தேடினால் கிடைக்காத ‘கோ’: வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன: மென்பொருளுக்குள் தமிழ் எழுத்து. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதில்களில் வரும் எழுத்து எண்கள் யூனிகோட் எண்களின் தசம வடிவம். ‘க’வுக்கு 2965, மெய்யின் புள்ளிக்கு 3021 என்ற கணக்கில் படிக்கவும்.

மளிகைக் கடைக்காக ஆண்ட்ராய்டில் பில்லிங் ஆப் எழுதியிருக்கிறேன். 58 மி.மீ. புளூடூத் பிரிண்டர். ஆங்கிலம் நன்றாக வருகிறது. பொருளின் பெயரைத் தமிழில் அனுப்பினால் சீன எழுத்தாகக் கொட்டுகிறது. தமிழ் ஃபான்ட் உள்ள பிரிண்டர் எது?
*– வாசகர், ஈரோடு*

அப்படி ஒரு பிரிண்டரைத் தேடி அலைய வேண்டாம். உள்ளே தமிழ் ஃபான்ட் இருந்தாலும் போதாது. ‘கெ’ என்ற எழுத்து கோப்பில் முதலில் ‘க’, பிறகு கொம்பு என்ற வரிசையில் இருக்கும். அச்சில் கொம்பு இடப்பக்கம் வரவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் மூளை மலிவு பிரிண்டரில் கிடையாது. தமிழ் வரியைப் படமாக வரைந்து அனுப்புவதுதான் வழி.

58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ. மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக 384 புள்ளி. 80 மி.மீ. தாளென்றால் 72 மி.மீ., 576 புள்ளி. 384 அகலத்தில் ஒரு பிட்மேப் எடுத்து, ஆண்ட்ராய்டின் ஸ்டாட்டிக்லேஅவுட்டைக் கொண்டு அதில் எழுத்தை வரையுங்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும் வேலையை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும். எழுத்தின் உயரம் 24 முதல் 28 புள்ளி, வரிக்கு வரி 32 புள்ளி இருந்தால் வயதானவர்களும் படிக்கலாம்.

அடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஓரங்களை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு வரையுங்கள். புகைப்படத்துக்குச் செய்வது போலப் புள்ளி தூவும் முறை வேண்டாம். 0 முதல் 255 வரையிலான வெளிச்ச அளவில் 128க்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை என்று ஒரே வெட்டு போதும். ஓரம் மென்மையாக இருக்கும்போது வெட்டு அளவு தவறினால் முதலில் காணாமல் போவது மெய்யின் புள்ளி. ‘எள்’ வாங்கியவர் பில்லில் ‘எள’ என்று இருக்கும்.

அனுப்பும் கட்டளை, எப்சன் வழிவந்த பிரிண்டர்கள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே. 128 வரிசை உள்ள ஒரு துண்டுக்கு முன்னால் 29, 118, 48, 0, 48, 0, 128, 0 என்று எட்டு பைட். ஐந்தாவதாக வரும் 48 என்பது அகலம்: 384ஐ 8ஆல் வகுத்தது. ஏழாவது, உயரம். அதன்பின் படத்தின் பைட்டுகள், வரிசைக்கு 48. முழு பில்லையும் ஒரே படமாக அனுப்பினால் பிரிண்டரின் சின்ன நினைவகம் நிரம்பி, பாதியில் குப்பை எழுத்து வரும். 128 வரிசைத் துண்டுகளாக, நடுவே சிறு இடைவெளி விட்டு அனுப்புங்கள்.

வேகத்தையும் கணக்குப் பாருங்கள். 20 வரி பில் 640 வரிசை. அதாவது 30,720 பைட். சீரியல் கேபிளில் 9600 வேகத்தில் இருந்தால் நொடிக்கு 960 பைட்தான் போகும். 32 நொடி! வாடிக்கையாளர் பில்லே வேண்டாம் என்று போய்விடுவார். 115200க்கு மாற்றினால் மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். வேகத்தை மாற்ற முடியாத பிரிண்டரென்றால் தமிழ் வரும் வரிகளை மட்டும் படமாக்கி, தேதி, பில் எண், கோடு, மொத்தத் தொகை ஆகியவற்றைப் பிரிண்டரின் சொந்த எழுத்திலேயே விடுங்கள்.

இன்னொன்று: ஆங்கில பில்லில் இடைவெளிகளை எண்ணிப் பத்தி பிரித்திருப்பீர்கள். தமிழில் ‘ஞ’வும் ‘ர’வும் ஒரே அகலம் இல்லை. பெயருக்கு 200 புள்ளி, அளவுக்கு 60, தொகைக்கு 124 என்று பிரித்துவிட்டு, தொகையின் அகலத்தை அளந்து வலது ஓரத்திலிருந்து வரையுங்கள். இதே வேலையைப் பைத்தானில், படம் வரையும் பில்லோ நூலகம் கொண்டு செய்பவர்கள், ராக்ம் நூலகம் உடன் இருக்கிறதா என்று முதலில் சோதிக்கவும். அது இல்லாத பில்லோ ‘கெ’யை உடைத்தே வரையும்.

நூலகப் பட்டியலில் ‘கோவில்’ என்று தேடினால் சில புத்தகங்கள் மட்டும் வருகின்றன. அதே சொல் தலைப்பில் உள்ள மற்றவை வரவில்லை. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். டேட்டாபேஸ் பழுதா?
*– நூலகத்துக்கு மென்பொருள் பராமரிப்பவர், மதுரை*

டேட்டாபேஸ் மீது பழி போடாதீர்கள். ‘ோ’ என்ற குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 3019 என்ற ஒரே எண்ணாக, அல்லது 3015 என்ற இரட்டைக் கொம்பையும் 3006 என்ற காலையும் அடுத்தடுத்து. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஃபான்ட்டுக்கும் சமம். உங்கள் தேடலுக்கோ ஒன்று ஒரு எண், மற்றது இரண்டு எண். ‘ொ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதை. பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளிலும் வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டியவற்றிலும் இரண்டு துண்டு வடிவம் நிறைய இருக்கும்.

மருந்துக்குப் பெயர் என்எஃப்சி: இப்படிப் பிரிந்து கிடக்கும் துண்டுகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் யூனிகோட் முறை. பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ், ஜாவாஸ்கிரிப்ட்டில் சரத்தின் மேலேயே நார்மலைஸ், போஸ்ட்கிரெஸ்ஸில் 13ஆம் பதிப்பிலிருந்து அதே பெயரில் ஒரு சார்பு. உள்ளே வரும் ஒவ்வொரு சரமும் சேமிக்கும் முன் அதன் வழியாகப் போகட்டும். தேடு பெட்டியில் தட்டுவதும் அதன் வழியாகவே போகட்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய நிலைமையே மேல் என்று ஆகிவிடும். ஏற்கெனவே கிடக்கும் பதிவுகளில் எத்தனை கோணல் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, காப்பு எடுத்துக்கொண்டு, ஒரே முறை எல்லாவற்றையும் மாற்றி எழுதுங்கள்.

என்எஃப்சி தொடாத கோளாறுகளும் உண்டு. ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ‘ள’ என்ற முழு எழுத்தும் போட்டுத் தட்டுபவர்கள் ஏராளம். யூனிகோட்டுக்கு அது ‘கெளரி’, வேறு சொல். ‘ஸ்ரீ’ அதைவிட வேடிக்கை. ‘ஶ’ என்ற எழுத்து 2005இல்தான் யூனிகோடின் 4.1 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன் எல்லாரும் ‘ஸ’வை வைத்து எழுதினார்கள், இப்போதும் பெரும்பாலான விசைப்பலகைகள் அப்படியே தருகின்றன. 3000இல் தொடங்கும் ‘ஸ்ரீ’யும் 2998இல் தொடங்கும் ‘ஶ்ரீ’யும் பல ஃபான்ட்டுகளில் ஒரே உருவம். ஸ்ரீரங்கம் பற்றிய புத்தகம் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. மூன்றாவதாக, கண்ணுக்குத் தெரியாத 8203, 8204, 8205, 160 ஆகிய எண்கள். இணையத்திலிருந்து ஒட்டும்போது சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு வருபவை இவை. ஸ்கேன் செய்து எழுத்துணர்ந்த தலைப்புகளில் ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் ௧ என்ற தமிழ் எண் ஒன்று, 3047, உட்கார்ந்திருப்பதும் நடக்கும். ‘அ’வும் ௮ என்ற எட்டும்கூட அப்படித்தான் குழம்பும்.

இவற்றைத் தலைப்பிலேயே திருத்த வேண்டாம். புத்தக அட்டையில் உள்ளது உள்ளபடி ஒரு நெடுவரிசையில் இருக்கட்டும். பக்கத்தில் தேடலுக்கென்று இன்னொன்று வைத்து, அதில் மட்டும் ‘ஶ்ரீ’யை ‘ஸ்ரீ’ ஆக்குங்கள், மறை எழுத்துகளைக் களையுங்கள், கொம்பும் ‘ள’வும் சேர்ந்த இடத்தையும் ‘ௌ’வையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். யாரும் கண்ணால் பார்க்காத நெடுவரிசை என்பதால் எந்த வடிவம் என்பது பொருட்டல்ல, ஒரே வடிவமாக இருந்தால் சரி. ‘கோவில்’, ‘கோயில்’ சிக்கல் வேறு வகை. அவை இரண்டும் சரியான சொற்கள். அதற்கு ஒரு சிறு இணைச்சொல் பட்டியல்தான் தேவை.

கொசுறாக ஒன்று: உங்கள் தளத்தில் கடவுச்சொல்லைத் தமிழில் வைக்க அனுமதித்திருந்தால், ஹாஷ் போடும் முன் அதையும் என்எஃப்சி செய்யுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக் கணினியில் திறக்கும் கணக்கு கைப்பேசியில் திறக்காது.

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரிகிறது. நோட்பேடில் சரியாக இருக்கிறது.
*– கணக்காளர், சிவகாசி*

கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட் இல்லை. அது இருந்தால்தான் எக்செல், கோப்பு யூடிஎஃப்-8 (யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறை) என்று புரிந்துகொள்ளும். நோட்பேடில் ‘யூடிஎஃப்-8 வித் பிஓஎம்’ என்று தேர்ந்து மீண்டும் சேமியுங்கள். அல்லது எக்செல்லில் டேட்டா பட்டி வழியாகக் கோப்பை இறக்கி, 65001 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த மூன்று பைட்டோடு சேமித்த கோப்பை உங்கள் நிரலாளர் படித்தால், முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் ‘இல்லை’ என்று பிழை வரும். தலைப்புக்கு முன்னால் 65279 ஒளிந்திருப்பதே காரணம். அவரிடம் இந்த வரியைக் காட்டவும்.

பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். வாடிக்கையாளர் பெயர்கள் சில கேள்விக்குறியாகவும், சில மேலே கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வரிசையாகவும் தெரிகின்றன. மீட்க முடியுமா?
*– வாசகி, கோவை*

இரண்டும் வெவ்வேறு நோய். ஒன்று பிழைக்கும், மற்றது பிழைக்காது.

தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இந்த பைட்டுகளை மேலைநாட்டு லத்தீன்-1 கண்ணாடி போட்டுப் பார்த்தால் 224 என்பது கோடு போட்ட ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர். நீங்கள் பார்ப்பது அதைத்தான். எழுத்து போகவில்லை, கண்ணாடிதான் தவறு.

எந்த வகை என்று கண்டுபிடிக்கச் சரியாகத் தெரிந்த ஒரு சொல்லைப் பிடியுங்கள். ‘அம்மா’ என்று எங்காவது பதிவாகியிருந்தால் நல்லது. அதில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். மைஎஸ்க்யூஎல்லில் லெங்த் பைட்டை எண்ணும், கேர்லெங்த் குறிகளை எண்ணும். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். 15, 5 என்று வந்தால் சேமிப்பு சரி, இணைப்பின் குறியாக்கம்தான் தவறு. நிரலில் இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் போதும். 15, 15 என்றால் தமிழ் பைட்டுகள் லத்தீன்-1 என்று பெயர்ப்பலகை மாட்டிய நெடுவரிசையில் குடியிருக்கின்றன. பைட் எண்ணிக்கை 30ஐத் தாண்டி, குறிகள் 15 என்றால் ஒருமுறை குறியாக்கியதை மறுபடி குறியாக்கிவிட்டார்கள். 5, 5 என்றால் உண்மையிலேயே கேள்விக்குறியாகச் சேமித்தாயிற்று. போனது போனதுதான், பழைய காப்புப் பிரதியையோ காகிதத்தையோ தேடுங்கள்.

15, 15 வகைக்கு: நேரடியாக ‘கன்வர்ட் டு’ கட்டளை கொடுத்துவிடாதீர்கள். அது லத்தீன்-1 எழுத்துகளை நம்பி மொழிமாற்றும், நோய் இரட்டைக் குறியாக்கமாக முற்றும். முதலில் நெடுவரிசையை பிளாப் வகைக்கு மாற்றுங்கள். அப்போது பெயர்ப்பலகை கழன்று பைட் மட்டும் மிஞ்சும். பிறகு அதே நெடுவரிசையை யூடிஎஃப்8எம்பி4 கொண்ட வார்கேர் ஆக்குங்கள். இரட்டைக் குறியாக்க வகைக்கு: மதிப்பை லத்தீன்1 ஆக மாற்றி, அதை பைனரி ஆக்கி, அதை யூடிஎஃப்8எம்பி4 ஆகப் படிக்கவேண்டும். ஒரே அப்டேட்டில் மூன்றையும் உள்ளுக்குள் அடுக்கலாம்.

இரண்டாவது படியில் ‘இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ’ என்று நின்றால் பயப்பட வேண்டாம். பழைய நெடுவரிசை 50 எழுத்துக்கானது என்று வையுங்கள். லத்தீன்-1இல் அது 50 பைட். தமிழில் 16 குறிகளும் மிச்சம் இரண்டு பைட்டும். நீளமான பெயர்களின் கடைசிக் குறி பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது. நீளம் சரியாக 50 உள்ள வரிகளைப் பொறுக்கி, கடைசியில் தொங்கும் அரைக் குறியை நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். அந்தப் பெயர்களை மட்டும் வாடிக்கையாளரிடம் கேட்டுத்தான் முழுமையாக்க முடியும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யூடிஎஃப்8’ என்பது நீண்ட காலமாக மூன்று பைட் வகை. தமிழ் அதில் அடங்கும், ஈமோஜி அடங்காது. வாடிக்கையாளர் குறிப்பில் யாராவது ஒரு சிரிப்புமுகம் போட்டதும் சேமிப்பு தோற்கும். எம்பி4 என்று முடிவதையே எடுங்கள். 8.0 பதிப்பில் இயல்பாகவே அதுதான். பழைய பதிப்பிலிருந்து மாறும்போது இண்டெக்ஸ் 767 பைட்டைத் தாண்டுகிறது என்று தகராறு செய்யலாம். குறிக்கு நான்கு பைட் என்று கணக்கிட்டால் 191 குறிகளுக்குத்தான் அங்கே இடம். எஸ்க்யூஎல் சர்வர் ஆட்களுக்கு வேறு பொறி: நெடுவரிசை என்வார்கேர் ஆக இருந்தாலும், மேற்கோளுக்கு முன்னால் ‘என்’ போடாமல் எழுதிய சரம் கேள்விக்குறியாகவே போய்ச் சேரும்.

பள்ளி வருகைப் பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் ‘வ’ கடைசிக்குப் போகிறது, ‘ன’ நடுவில் வருகிறது. தலைமையாசிரியர் கோபிக்கிறார்.
*– கணினி ஆசிரியர், திருநெல்வேலி*

அவர் கோபம் நியாயமானது. யூனிகோட் எண் வரிசை வேறு, நம் அகர வரிசை வேறு. எண்ணில் ‘ந’வை அடுத்து ‘ன’, ‘ர’வை அடுத்து ‘ற’, பிறகு ல, ள, ழ, வ. பிற இந்திய எழுத்துகளின் அடுக்கில் தமிழைப் பொருத்தியதால் வந்த வரிசை அது. அவை, அழகு, அறம், அன்பு என்று அகராதி சொல்வதை உங்கள் மென்பொருள் அன்பு, அறம், அழகு, அவை என்று அப்படியே தலைகீழாகத் தரும். புள்ளிக்கு உள்ள 3021 எல்லா உயிர்க்குறிகளையும்விடப் பெரியது. அதனால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விடும். ஆய்தமோ ‘அ’வுக்கு முன்னாலேயே வந்து நிற்கும்.

போஸ்ட்கிரெஸ் 10 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பென்றால், ஆர்டர் பை வரியில் ஐசியு நூலகத்தின் தமிழ் கொலேஷனை, அதாவது வரிசை விதியை, குறிப்பிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்ல் (Intl) கொலேட்டருக்குத் தமிழின் இரண்டெழுத்து மொழிக்குறியைக் கொடுங்கள். மைஎஸ்க்யூஎல் தன் கொலேஷன்களில் தமிழுக்கென்று தனியாக ஒன்றும் தருவதில்லை. அங்கே, பெயருக்குப் பக்கத்தில் வரிசைச் சாவி ஒன்றை நீங்களே கட்டிச் சேமிப்பது உத்தமம்.

எழுத்துக்கு நான்கு இலக்கம். உயிர் 01 முதல் 12, ஆய்தம் 13, க 14இல் தொடங்கி ன 31 வரை, கிரந்தம் 32இலிருந்து. அடுத்த இரண்டு இலக்கம் உயிர்க்குறி: புள்ளிக்கு 00, அகரத்துக்கு 01, ஆகாரத்துக்கு 02 என்று போகும். தனி உயிருக்கும் ஆய்தத்துக்கும் 00. ‘அன்பு’ என்பது 0100, 3100, 2205. ‘அவை’ என்பது 0100, 2709. இந்த இலக்கச் சரத்தை வழக்கம்போல் வரிசைப்படுத்தினால் அவை முன்னே வந்துவிடும். சாவி கட்டும் முன் பெயரை என்எஃப்சி செய்ய மறக்காதீர்கள். இரண்டு துண்டு ‘ோ’ வந்தால் கணக்கே குலையும்.

முன்னெழுத்தையும் பெயரையும் ஒரே நெடுவரிசையில் வைத்திருந்தால் ‘எஸ். முருகன்’ எகரத்தில் போய் உட்காருவார். இரண்டையும் பிரித்து வையுங்கள்.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு செய்திக்கு இரண்டு மூன்று என்று கட்டணம் போகிறது. 100 எழுத்துகூட இல்லையே?
*– வாசகர், நாமக்கல்*

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு 7 பிட் என்று நெருக்கி 160 எழுத்து அடைக்கலாம். தமிழுக்குக் குறிக்கு 2 பைட், ஆக 70. அதைத் தாண்டிப் பல துண்டாகப் போகும்போது ஒவ்வொன்றிலும் 6 பைட் இணைப்புத் தகவலுக்குப் போய்விடும், மிச்சம் 67. எண்ணப்படுவது நாம் நினைக்கும் எழுத்து அல்ல, குறி. ‘உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது’ என்பது இடைவெளி உட்பட நமக்கு 19. நெட்வொர்க்குக்கு 28. ‘அனுப்பப்பட்டது’ ஒன்றே 14 குறி. ‘அனுப்பினோம்’ என்று எழுதினால் 11. செயப்பாட்டு வினைக்குக் காசு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழு ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் மொத்தமும் 70 கணக்குக்கு மாறும். ரூபாய்க் குறியீடும் வளைந்த மேற்கோளும்கூட இதையே செய்யும். இன்னொன்று, முன்பதிவு செய்த வார்ப்புருவில் ‘ோ’ ஒற்றைக் குறியாக இருந்து, உங்கள் நிரல் இரண்டு துண்டாக அனுப்பினால் குறி எண்ணிக்கை கூடுவதோடு, வார்ப்புரு பொருந்தவில்லை என்று திரும்பவும் வாய்ப்புண்டு.

பாமினியில் தட்டிய 15 வருடச் சங்க மலர்க் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றினோம். ‘வௌ்ளி’, ‘தௌிவு’ என்று வருகிறது. ஆங்கிலச் சொற்களும் கெட்டுவிட்டன.
*– வாசகர், யாழ்ப்பாணம்*

பாமினி போன்றவை ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் உருவத்தை ஒட்டிவைத்த ஃபான்ட்டுகள். அவற்றில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பின் வரிசை: முதலில் கொம்பு, பிறகு மெய். ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. மாற்றியின் வேலை துண்டுகளைப் பெயர் மாற்றுவது மட்டுமல்ல, இடம் மாற்றுவதும்கூட. மூன்று துண்டுச் சேர்க்கைகளை முதலில், பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்ற வரிசையில் மாற்ற வேண்டும். குட்டையானதை முதலில் மாற்றினால் நீளமானது பொருந்தவே பொருந்தாது.

‘வௌ்ளி’ எப்படி வந்தது? ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டுக்கும் ‘ள’வுக்கும் அந்த ஃபான்ட்டில் ஒரே உருவம். கொம்பு, வ, ள என்று பார்த்ததும் மாற்றி ‘வௌ’ என்று முடிவு கட்டிவிட்டது. பின்னால் வந்த புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. விதியை இப்படித் திருத்துங்கள்: ‘ள’வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ‘ள’ என்ற எழுத்துதான், ஔகாரம் அல்ல. வெள்ளி, தெளிவு, வெள்ளை எல்லாம் இதில் சரியாகும். ‘கௌரி’, ‘மௌனம்’ தப்பிக்கும். மிஞ்சும் சிலவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.

ஆங்கிலம் கெட்டதற்குக் காரணம் முழுக் கோப்பையும் வெற்று உரையாக எடுத்து மாற்றியது. வேர்டு கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் ஃபான்ட் பெயர் தனியாக எழுதியிருக்கும். பாமினி என்று உள்ள துண்டை மட்டும் மாற்றி மற்றதைத் தொடாதீர்கள். மூலக் கோப்பு போய்ப் பிடிஎஃப் மட்டும் இருந்தால், உள்ளிருந்து எழுத்தை உருவுவதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் படமாக்கி, டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளில் தமிழ் தரவோடு ஓட்டுவது பல நேரம் விரைவு.

முடித்ததும், என்எஃப்சி செய்துவிட்டு ஒரு சோதனை. சொல்லின் முதலிலேயே உயிர்க்குறி அல்லது புள்ளி, இரண்டு உயிர்க்குறி அடுத்தடுத்து, உயிர்க்குறியை அடுத்துப் புள்ளி: இந்த மூன்றும் தமிழில் வரவே முடியாத சேர்க்கைகள். கோப்பு முழுக்கத் தேடி, எண்ணிக்கை பூச்சியம் ஆகும்வரை விடாதீர்கள்.

‘விகடகவி’யைத் திருப்பிப் போட்டால் அதுவே வர வேண்டும். என் நிரல் ‘இல்லை’ என்கிறது.
*– பொறியியல் மாணவி, சென்னை*

நிரல் குறிகளைத் திருப்புகிறது: வ, இகரக்குறி, க, ட, க, வ, இகரக்குறி. திருப்பினால் இகரக்குறியே முதலில் வந்துவிடும். எழுத்து எழுத்தாகப் பிரித்துவிட்டுத் திருப்புங்கள். பைத்தானில் ஓபன்-தமிழ் நூலகத்தின் கெட்லெட்டர்ஸ், ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்ல் (Intl) செக்மென்ட்டர். ‘வணக்கம்’ நமக்கு 5 எழுத்து. ஸ்விஃப்ட்டும் 5 என்றே எண்ணும். பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் அது 7, கோ மொழியின் லென்னுக்கு 21. பட்டியலில் தலைப்பை 30க்கு மேல் வெட்டும் இடங்களிலும் இதே கவனம் வேண்டும். ‘பால்’ வெட்டுப்பட்டு ‘பால’ ஆகும்.

பைத்தானின் ரெகெக்ஸ்ஸில் (உரையில் வடிவம் பார்த்துத் தேடும் முறை) ‘சொல் எழுத்து’ என்ற குறுக்குக் குறியையும் நம்பாதீர்கள். அதற்கு உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தில்லை. ‘தமிழ்’ என்பதைக் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு சொல்லாக்கும். 2944 முதல் 3071 வரை என்று தமிழ்த் தொகுதியின் எல்லையை நேரடியாக எழுதிவிடுங்கள்.

வேரியபிள் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாமா?
*– வாசகர், சிங்கப்பூர்*

பைத்தான் 3, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டும் ஏற்கும். ‘விலை’, ‘மொத்தம்’ என்று எழுதினால் ஓடும். ‘மொத்தம்’ என்பதில் உள்ள இரண்டு வடிவ ‘ொ’வைப் பைத்தான் தானாகவே ஒன்றாக்கிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றாக்காது. இருவர் இரண்டு விசைப்பலகையில் தட்டினால் ஒரே பெயரில் இரண்டு வேரியபிள் உருவாகி, ஒன்று எப்போதும் காலியாகவே இருக்கும்.